மட்டக்களப்பில ஒரு மணிக்கூட்டுப் பின்னேரம் வைக்கிறது எப்பிடி? ஆக்களைக் கூப்பிடுறதில இருந்து பாய் உதறுறது மட்டும்

எங்கட பக்கம் கைமணிக்கூடு சேர்க்கிற ஆக்களே இல்ல எண்டுதான் கன நாளா நினைச்சுக் கொண்டிருந்தன். பிறகு பார்த்தா கல்லடியில ஒராள், காத்தான்குடியில ரெண்டு பேர், களுவாஞ்சிகுடியில ஒரு பென்சன் எடுத்த சேர், கல்முனையில இருந்து ஒரு தம்பி எண்டு ஒவ்வொருத்தரா வெளியில வந்தாங்க. எல்லாரும் அலுமாரிக்குள்ள லேஞ்சியில சுத்திப் பூட்டி வைச்சிட்டு ராவையில எடுத்துப் பார்த்திட்டுத் திருப்பி வைக்கிற ஆக்கள்தான். இப்ப ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா கூடுறம். கொழும்பில ஹோட்டல் எடுத்து வைக்கிற மாதிரியெல்லாம் இல்ல, வாவிக்கரை வீட்டு விறாந்தையில ஒரு மேசை, பத்துப் பன்னிரண்டு கதிரை, பிளேன்டி, அவ்வளவுதான். நாங்களும் இப்பிடி ஒண்டு வைக்கணும், எப்பிடிச் செய்யிற எண்டு அக்கரைப்பற்றுப் பக்கம் ரெண்டு மூணு பேர் கேட்டாங்க, அதுக்குத்தான் இந்த நீட்டு எழுத்து. நாங்க சறுக்கின இடங்களையும் சேர்த்தே சொல்றன்.

ஆரைக் கூப்பிடுறது, எத்தின பேர்

எட்டுப் பேருக்குக் குறைஞ்சா கதை ஓடாது, பன்னிரண்டுக்கு மேல போனா சந்தை. கணக்குப் பார்த்தா விளங்கும். பத்துப் பேர், ஆளுக்கு மூணு மணிக்கூடு, மொத்தம் 30. ஒண்டுக்கு நாலு நிமிசம் எண்டாலும் ரெண்டு மணித்தியாலம் போயிரும், அதுக்குள்ள தேத்தண்ணியும் தொழுகையும் வேற இருக்கு. அதனால ஆளுக்கு மூணுதான், நாலாவது பைக்குள்ளயே கிடக்கட்டும். முதல் தரம் நாங்க இந்தக் கட்டுப்பாடு வைக்கல்ல, ஒராள் ஒரு பெட்டியோட வந்து 22 மணிக்கூட்டை மேசையில பரப்பிட்டார், மற்ற ஆக்கள் தங்கட ஒண்டு ரெண்டை வெளியில எடுக்கவே வெக்கப்பட்டுக் கொண்டு இருந்தாங்க. அந்தப் பின்னேரம் பாழ்.

அழைப்பு அனுப்பக்குள்ள "நல்ல மணிக்கூடு கொண்டு வாங்க" எண்டு எழுதாதீங்க. நல்லது எண்டா விலை கூடினது எண்டு ஆக்கள் விளங்கிக் கொள்ளுவாங்க. நான் எழுதுறது இப்பிடி: "மூணு மணிக்கூடு, அதில ஒண்டு வீட்டில கிடந்ததா இருக்கணும்." அந்த ஒரு வரிதான் எங்கட கூட்டத்தையே மாத்தினது. ஏனெண்டா எங்கட ஊர்களில மணிக்கூடு வந்த பாதை ஸ்விஸ் கடை இல்ல, சவூதியும் குவைத்தும் கட்டாரும்தான். எண்பதுகளில போன வாப்பாமார், அப்பாமார், வீட்டு வேலைக்குப் போன அம்மாமார் கொண்டு வந்த சீக்கோ 5, சிட்டிசன், ராடோ. ஒரு டீச்சர் அக்கா கொண்டு வந்தது நகத்தளவு டயல் இருக்கிற ஒரு லேடீஸ் சிட்டிசன், தாய் குவைத்தில ரெண்டு வருசம் உழைச்சு வாங்கினதாம். அண்டைக்கு ஒமேகா கொண்டு வந்த ஆளே அதைத்தான் கனநேரம் கையில வைச்சிருந்தார்.

காசியோ கட்டிட்டு வந்தாலும் விடுங்க. எஃப் 91 டபிள்யூ 1989 இல வந்தது, இன்னும் அதே முகத்தோட விக்குது, அதைச் சேர்க்கிற ஆக்களும் சேகரிப்பாளர்தான். இதில மூஞ்சியச் சுளிக்கிற ஆள் ஆரும் இருந்தா அவரை அடுத்த தரம் கூப்பிடாம விடுறது சுகம்.

நாள், நேரம்

போயா, அதாவது பௌர்ணமி நாள்தான் சரி, எல்லாருக்கும் லீவு. வெள்ளிக்கிழமை வேணாம், ஜும்ஆ ஒரு பக்கம், விரதக்காரர் ஒரு பக்கம். நோன்பு மாசத்தில வைக்காதீங்க, மாமாங்கத் திருவிழா நடக்கிற நேரம் டவுனுக்குள்ள வாகனம் நகராது. நவம்பரில இருந்து ஜனவரி மட்டும் மழை, ஈரக் காத்து, ஆரும் பழைய மணிக்கூட்டை வெளியில எடுக்கப் பயப்படுவாங்க, அந்தப் பயமும் நியாயம்தான்.

நேரம்தான் முக்கியமான விசயம். நாங்க 4 மணிக்குத் தொடங்கிறம். காரணம் இருக்கு. டயலை வடிவாப் பார்க்கிறதுக்கு டியூப் லைட் உதவாது, பின்னேர வெயில் சரிஞ்சு வரக்குள்ள விறாந்தையில விழுற வெளிச்சத்திலதான் பழைய டயலின்ட வெடிப்பு, பூஞ்சணம், திருப்பிப் பெயின்ட் அடிச்ச அடையாளம் எல்லாம் தெரியும். 6 மணி தாண்டி மஹ்ரிப் தொழுகை வரும், அந்த நேரம் எல்லாத்தையும் மூடி வைச்சிட்டு இடைவேளை. அது முடியக்குள்ள இருட்டிரும், இருட்டில மினுங்கிற முள்ளுகளைப் பார்க்கிற பகுதி அப்பதான். வெளிச்சம், இடைவேளை, இருட்டு எண்டு பொழுதே நிகழ்ச்சி நிரல் போட்டுத் தருது, நீங்க தனியா ஒண்டும் திட்டம் போடத் தேவையில்ல.

மேசையும் நிலமும்

இதை வாசிச்சிட்டுச் சும்மா கடந்து போகாதீங்க. எங்கட ரெண்டாவது கூட்டம். மேசையில கண்ணாடி போட்டிருந்தது, அதுக்கு மேல வடிவான மெல்லிசுத் துணி. ஒராளின்ட வாப்பாட சீக்கோ 5, செயினைப் பிடிச்சுத் தூக்கக்குள்ள ஒரு பக்கத்துப் பின் கழண்டு, துணியில வழுக்கி, மேசை ஓரத்தால டைல்ஸில விழுந்தது. விழுந்த சத்தம் பெரிசா இல்ல, "டிக்" எண்டு ஒரு சின்னச் சத்தம்தான். எடுத்து ஆட்டிப் பார்த்தா ஓடல்ல. உள்ளுக்க பேலன்ஸ் சில்லின்ட, அதுதான் அங்கால இங்கால ஆடி நேரத்தை ஓட்டுற சில்லின்ட, அச்சு முறிஞ்சிருந்தது. அவர் ஒண்டும் சொல்லல்ல, "பரவால்ல மச்சான்" எண்டுதான் சொன்னார், ஆனா நான் அண்டு ராவு சாப்பிடல்ல. அதே மெசின் இருக்கிற இன்னொரு பழைய சீக்கோ தேடி எடுத்து, அதில இருந்து பேலன்ஸைக் கழட்டிப் போட்டுச் சரி பண்ண மூணு மாசம் பிடிச்சது.

அதுக்குப் புறகு செய்யிற ஒழுங்கு இதுதான். கண்ணாடி மேசை வேணாம். மேசைக்குக் கீழயும் கதிரைகளைச் சுத்தியும் பன்பாய் விரிங்க, ரெண்டு மடிப்பா. கல்யாண வீட்டுக்கு விரிக்கிற மாதிரி முழு விறாந்தைக்கும் விரிச்சா இன்னும் நல்லம். மேசையில பெரிய பித்தளைத் தாம்பாளம் வைச்சு, அதுக்குள்ள தும்பு போகாத துணி விரிச்சு, மணிக்கூடுகளை அதுக்குள்ளதான் வைக்கிறது. தாம்பாளத்துக்கு விளிம்பு இருக்கு, உருண்டாலும் வெளியில போகாது. வெளிநாட்டில இதுக்கெண்டு தோல் தட்டு விக்கிறாங்கதான், எங்கட வீட்டில பூசைக்கு இருக்கிற தாம்பாளம் அதைவிட வடிவு. குஞ்சம் மாதிரி நூல் நிக்கிற வெல்வெட் துணி வேணாம், தும்பு எல்லாம் செயினுக்குள்ள போயிரும்.

தேத்தண்ணி, தண்ணிப் போத்தல் ஒண்டும் அந்த மேசையில வரக்கூடா. தனி மேசை, அங்கால. ஸ்பீக்கரையும் போனையும் தாம்பாளத்துக்குப் பக்கத்தில வைக்காதீங்க, அதுக்குள்ள காந்தம் இருக்கு.

எடுத்து வைக்க வேண்டிய சாமான்

கூடச் செலவழிக்கத் தேவையில்ல. பத்து மடங்கு பெருசாக் காட்டுற ஒரு கண்லென்ஸ், மைக்ரோஃபைபர் துணி நாலு, ஸ்ட்ராப் பின் கழட்டுற கருவி ஒண்டு, ஒரு சின்னத் திசைகாட்டி, ஒரு யூவி டோர்ச், காந்தம் எடுக்கிற அந்த நீலப் பெட்டி. வசதி இருந்தா மணிக்கூடு சரியா ஓடுதா எண்டு அளக்கிற டைம்கிராஃபர் மெசின் ஒண்டு, சீனாவில செய்யிற வெய்ஷி எண்டு வாறது எங்கட தேவைக்குப் போதும். ஒராளிட்ட இருந்தா எல்லாருக்கும் காணும். கரண்ட் போனா எண்டு சார்ஜ் லைட் ஒண்டும்.

மணிக்கூட்டின்ட பின்மூடி திறக்கிற சாமான் கொண்டு வராதீங்க. சத்தியமாச் சொல்றன், கொண்டு வந்தா ஆராவது திறப்பாங்க. வாவிக்கரைக் காத்தில உப்பும் ஈரமும் இருக்கு, விறாந்தையில தூசி இருக்கு, உள்ளுக்க இருக்கிற ரப்பர் வளையம் பழசெண்டா திருப்பி மூடக்குள்ள சரியா உக்காராது. உள்ளுக்கப் பார்க்க ஆசையெண்டா திருத்துற ஆளின்ட கடைக்கு ஒரு நாள் எல்லாருமாப் போகலாம்.

கைமாத்துற முறை

கூட்டம் நல்லா நடந்ததா எண்டதை முடிவு பண்றது இதுதான். மணிக்கூட்டுக்காரன் தன்ட சாமானை முன்னப்பின்னத் தெரியாத ஆளின்ட கையில குடுக்கிறான், அந்தப் பயம் போனாத்தான் அவன் வாய் திறப்பான். நாங்க தொடங்கக்குள்ள ரெண்டு நிமிசம் இதைச் சொல்லிருவம், பழைய ஆக்கள் இருந்தாலும் திருப்பிச் சொல்லுவம்.

கையக் கழுவித் துடைச்சிட்டு வந்து இருக்கணும். மோதிரம், காப்பு, தன்ட கையில கட்டியிருக்கிற மணிக்கூடு எல்லாம் கழட்டி வைக்கணும், ரெண்டு செயின் உரசினா கீறல் நிச்சயம். மற்றவன்ட மணிக்கூட்டை நீங்களா எடுக்கக்கூடா, அவர் எடுத்துத் தருவார், தாம்பாளத்துக்கு மேலதான் கைமாறணும். செயினைப் பிடிச்சுத் தூக்காம கேஸைப் பிடிங்க. பார்த்து முடிஞ்சா பக்கத்தில இருக்கிற ஆளுக்குக் குடுக்காம உடையவர்ட கையிலயே திருப்பிக் குடுங்க. கேக்கச் சின்ன விசயம் மாதிரி இருக்கும், ஆனா பத்துக் கை மாறிப் போன பிறகு "இந்தக் கீறல் முதல் இருந்ததா" எண்டு ஒரு கேள்வி வந்தா அதுக்கு ஆரும் பதில் சொல்ல ஏலா.

சாவிய, பக்கத்தில இருக்கிற திருகுற குமிழைத்தான் சொல்றன், தொட முதல் கேளுங்க. இதுக்கு உள்காரணம் இருக்கு. ராவு 9 மணிக்கும் விடிய 3 மணிக்கும் இடையில முள்ளு நிக்கக்குள்ள திகதி மாத்துற பல்லுச்சில்லு கொழுவிக் கொண்டு இருக்கும், அந்த நேரம் சாவிய இழுத்துத் திகதியத் திருப்பினா பல்லு உடையும். எங்கட கூட்டம் 9 மணியத் தாண்டுறதும் இருக்கு, நிண்டுபோன மணிக்கூட்டில முள்ளு எங்க நிக்குதோ அதுதான் கணக்கு. பாதுகாப்பா மாத்தணும் எண்டா முள்ளை முதல் 6 மணிக்கு இறக்கிட்டு மாத்துங்க. குரோனோகிராஃப் (ஸ்டொப்வோச் இருக்கிற மணிக்கூடு) பொத்தானையும் கேக்காம அமத்தாதீங்க, ஓடக்குள்ளயே ரீசெட் பொத்தானை அமத்திப் போட்டு முழிச்ச ஆக்கள் இருக்காங்க.

கையில கட்டிப் பார்க்க ஆசை வரும். கேளுங்க, பெரும்பாலும் ஓம் எண்டுதான் சொல்லுவாங்க. ஆனா தகப்பன்ட மணிக்கூடு எண்டா நான் கேக்கிறதே இல்ல.

விலை கேக்கக்கூடா. "எவ்வளவு மச்சான்?" எண்டு ஒராள் கேட்டா மேசையே அமைதியாப் போயிரும். உடையவரா சொன்னாச் சரி.

சுத்துப் போறது: ஒவ்வொரு ஆளும் என்ன சொல்றது

முதல் சுத்தில வீட்டில கிடந்த மணிக்கூடு. இதில ஆக்கள் பொதுவா "இது அப்பாட, பழசு" எண்டு சொல்லிட்டு நிப்பாட்டிருவாங்க, அங்க நீங்க உதவணும். சீக்கோ எண்டா பின்மூடியத் திருப்பிப் பாருங்க. மெசின் நம்பர் நாலு எழுத்து இருக்கும், 7009, 6309, 7எஸ்26 மாதிரி. தனியா ஆறு இலக்கத்தில ஒரு சீரியல் இருக்கும். சீரியலின்ட முதல் இலக்கம் வருசத்தின்ட கடைசி இலக்கம், ரெண்டாவது மாசம். ஒண்டில இருந்து ஒன்பது மட்டும் ஜனவரி தொடக்கம் செப்டெம்பர், ஒக்டோபருக்கு ஓ எழுத்து, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. எந்தப் பத்தாண்டு எண்டு சீரியல் சொல்லாது, மெசின்தான் சொல்லும். 7எஸ்26 வந்தது 1996 இல, அதால அது இருந்தா எழுபது எண்பதாக இருக்க ஏலா.

போன போயாவுக்கு ஏறாவூர் காக்கா (முஸ்லிம் ஆக்கள் அண்ணனைச் சொல்றது) ஒராள் 7009 ஒண்டு கொண்டு வந்தார். வாப்பா 83 இல றியாத்தில வாங்கினதாம், வீட்டில அப்பிடித்தான் கதை, ஆனா மூத்த காக்கா இல்ல 88 எண்டு சண்டையாம். பின்மூடியில 29 எண்டு தொடங்கிச்சு. 82 செப்டெம்பர். அதே மெசினுக்கு 72 வராது, 92 எண்டா வாப்பா அதுக்கு முதலே ஊருக்கு வந்திட்டார். கிழமை காட்டுற வட்டத்தை மெல்லத் திருப்பினா அரபில கிழமைப் பேர் வந்திச்சு, அரபு நாட்டுக் கடைகளுக்கு எண்டு வந்த மணிக்கூடு. அவர் லென்ஸைக் கண்ணில இருந்து எடுக்கவே இல்ல. "அப்ப வாப்பா சொன்னது சரிதான்" எண்டார். சீக்கோ 5 எண்ட பேரே 1963 இல வந்தது, கை ஆட்டத்திலயே சாவி ஏறுற ஓட்டோமெட்டிக், கிழமையும் திகதியும் ஒரே ஜன்னலில, தண்ணி தாங்கிறது, நாலு மணிப் பக்கம் உள்ளுக்க தள்ளின சாவி, உறுதியான கேஸும் செயினும் எண்டு அஞ்சு விசயத்துக்காக வைச்ச பேர். அந்த அஞ்சையும் அவர்ட மணிக்கூட்டில ஒவ்வொண்டாத் தொட்டுக் காட்டினம், சின்னப் பிள்ளை மாதிரி எண்ணினார்.

எச்எம்டி வந்தா கவனம். பெங்களூரில 1961 இல சிட்டிசன் கம்பனியோட சேர்ந்து மணிக்கூடு செய்யத் தொடங்கின இந்திய அரசாங்கக் கம்பனி, மணிக்கூட்டுப் பகுதிய 2016 இல மூடுறதுக்கு முடிவெடுத்தாங்க. அவங்கட சாவி குடுக்கிற ஜனதா மொடல் நல்ல சாமான். ஆனா இணையத்தில மலிவா வாற கடுஞ்சிவப்பு, ஊதா டயல் ஜனதாக்களில கனக்க புதுசாப் பெயின்ட் அடிச்சது. லென்ஸால எழுத்தின்ட ஓரத்தைப் பாருங்க, ஒழுங்கான அச்செண்டா கூராக இருக்கும்.

ராடோ டயஸ்டார் எங்கட பக்கம் கல்யாண மாப்பிள்ளை மணிக்கூடு. 1962 இல வந்தது, டங்ஸ்டன் கார்பைட் கேஸ், சஃபையர் கண்ணாடி, அதால கீறு விழாது. கீறு விழாது எண்டா உடையாது எண்டு அர்த்தம் இல்ல, விழுந்தா ஓரம் சில்லாப் பறக்கும். டயலில இருக்கிற நங்கூரத்தைப் பாருங்க, மணிக்கூட்டைச் சாய்க்கச் சாய்க்க அது சுழலணும். சுழலாம ஒட்டிக் கிடந்தா உள்ளுக்க எண்ணெய் காஞ்சிருக்கு, சேர்விசுக்கு நேரம் வந்திட்டு எண்டு கணக்கு.

களுவாஞ்சிகுடி சேரின்ட முறை வரக்குள்ள எல்லாரும் கதிரைய இழுத்துக் கிட்டப் போடுவம். அவரிட்ட இருக்கிறது ஒரு சாதாரண சிட்டிசன். அவர் வாவிக்கு அங்கால, படுவான்கரையில படிப்பிச்சவர். 1996 மே மாசம் அரசாங்கம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது, ஒக்டோபரில அதில அரை மணித்தியாலம் குறைச்சது, 2006 ஏப்ரலில்தான் திருப்பிப் பழைய நேரத்துக்கு வந்தது. அந்தப் பத்து வருசமும் புலிகள் இயக்கத்தின்ட கட்டுப்பாட்டுப் பக்கம் பழைய நேரம்தான். சேர் விடிய மண்முனைத் துறையில படகேறக்குள்ள முள்ளை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவாராம், பின்னேரம் இங்கால இறங்கக்குள்ள முன்னுக்கு. "வாவிக்கு அங்கால ஒரு நேரம், இஞ்சால ஒரு நேரம், சாவி தேஞ்சதே அதாலதான் தம்பி" எண்டு சொல்லிச் சாவியக் காட்டுவார். உண்மையாவே பல்லெல்லாம் மழுங்கி வழவழப்பா இருக்கு. ஆரும் கூட்டம் ஏதும் வைக்கக்குள்ள "பழைய நேரமா புது நேரமா" எண்டு கேட்ட காலம் என்ட வயசு ஆக்களுக்கு ஞாபகம் இருக்கும். இப்ப மண்முனையில பாலம், அஞ்சு நிமிசத்தில கடந்திரலாம்.

டைம்கிராஃபரில போடுறது

இது பொடியன்மாருக்குப் பிடிச்ச பகுதி. மணிக்கூட்டை மைக்கில வைச்சா டிக் சத்தத்தைக் கேட்டு மூணு இலக்கம் காட்டும்.

முதலாவது, ஒரு நாளைக்கு எத்தின செக்கன் முந்துது பிந்துது. ஸ்விஸ் குரோனோமீட்டர் சான்றிதழுக்கு சராசரி மைனஸ் 4 இல இருந்து பிளஸ் 6 செக்கனுக்குள்ள நிக்கணும். இப்ப கன மணிக்கூடுகளில வாற சீக்கோ என்எச்35 மெசினுக்கு கம்பனியே சொல்ற எல்லை மைனஸ் 20 இல இருந்து பிளஸ் 40. அதால சீக்கோ 15 செக்கன் முந்துது எண்டு ஆரும் கவலைப்படத் தேவையில்ல.

ரெண்டாவது ஆம்ப்ளிடியூட், பேலன்ஸ் சில்லு எத்தின பாகை வீசுது எண்டது. சாவி முழுசாக் குடுத்து, டயல் மேல பார்க்க வைச்சா 250 இல இருந்து 300 எண்டா நல்ல சுகம். 200க்குக் கீழ எண்டா எண்ணெய் காஞ்சிட்டு. மேசைக்கு வந்து சும்மா கிடந்த ஓட்டோமெட்டிக்கை அப்பிடியே போட்டு "உன்ட சாமான் சரியில்ல" எண்டு சொல்லாதீங்க, முதல் நல்லா ஆட்டிச் சாவி ஏத்துங்க. 7எஸ்26 க்கு கையால சாவி குடுக்க ஏலா, ஆட்டத்தான் வேணும். மூணாவது பீட் எரர், டிக்குக்கும் டொக்குக்கும் இடையில இருக்கிற நேர வித்தியாசம், அது பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தாக் காணும், அதைத் திருத்துற ஆள் பார்ப்பார்.

திடீரெண்டு நாளுக்கு ரெண்டு மூணு நிமிசம் முந்துற மணிக்கூடு வந்தா பயப்படாதீங்க, பெரும்பாலும் காந்தம். உள்ளுக்க இருக்கிற மயிரளவு சுருள் வில்லின்ட சுத்துகள் ஒண்டோட ஒண்டு ஒட்டி வில்லு கட்டையாப் போகும், அதாலதான் வேகமா ஓடுது. திசைகாட்டிக்கு மேல பிடிங்க, ஊசி ஆடினாக் காந்தம் ஏறியிருக்கு. நீலப் பெட்டிக்கு மேல வைச்சு, பொத்தானை அமத்திக் கொண்டே மெல்ல மேல தூக்கி எடுங்க, கை தூரத்துக்குப் போன பிறகு பொத்தானை விடுங்க. கிட்ட வைச்சே விட்டா திரும்பக் காந்தம் ஏறும். ஒருக்கா ஒராள் "ஆயிரம் ரூபா குடுத்து ரெண்டு தரம் சேர்விஸ் பண்ணியும் சரிவரல்ல" எண்டு கொண்டு வந்ததை அஞ்சு செக்கனில சரியாக்கினம், மனுசன் சிரிக்கிறதா கடைக்காரனுக்கு ஏசுறதா எண்டு தெரியாம நிண்டார்.

பொய் மணிக்கூடு வந்தா

வரும். கட்டாயம் வரும். அதுவும் ஆசையோட, பட்டுத்துணியில சுத்தி, "மாமா துபாயில இருந்து கொண்டு வந்து கல்யாணத்துக்குத் தந்தது" எண்டு வரும். பார்த்த உடன உங்களுக்குத் தெரியும், செக்கன் முள்ளு டிக் டிக் எண்டு பற்றறி மணிக்கூடு மாதிரித் துள்ளுது, டயலில ஓட்டோமெட்டிக் எண்டு எழுதியிருக்கு. மணித்தியாலத்துக்கு 28,800 தரம் அடிக்கிற ஒழுங்கான மெசின் எண்டா செக்கனுக்கு எட்டுத் தரம் அசையும், கண்ணுக்கு வழுக்கிற மாதிரித் தெரியும்.

மேசையில சொல்லக்கூடா. இதில எனக்கு ரெண்டு கருத்து இல்ல. கல்முனைத் தம்பி ஒருக்கா ஆர்வக்கோளாறில "அண்ணே இது டூப்பு" எண்டு பட்டெண்டு சொல்லிட்டான், அந்த அண்ணன் சிரிச்சுச் சமாளிச்சார், அடுத்த கூட்டத்துக்கு வரல்ல, அதுக்கடுத்ததுக்கும் வரல்ல. மற்ற மணிக்கூடு மாதிரியே அதையும் கையில எடுங்க, கதையக் கேளுங்க, திருப்பிக் குடுங்க. அவரா "இது ஒரிஜினலா?" எண்டு கேட்டா, "வடிவாப் பார்க்கணும், பிறகு கதைப்பம்" எண்டு சொல்லித் தனியக் கூட்டிப் போய்ச் சொல்லுங்க. விக்கிற எண்ணம் இருந்தா மட்டும் கட்டாயம் சொல்லத்தான் வேணும், இன்னொராள் ஏமாறக்கூடாதே.

தெரிஞ்சு கொண்டே டூப்பைக் கட்டிட்டு வந்து ஒரிஜினல் எண்டு அளக்கிற ஆள் வேற கதை. அவருக்குப் பிளேன்டி குடுத்து அனுப்புங்க.

இடைவேளையும் சாப்பாடும்

பாங்கு சொல்ல ஒரு பத்து நிமிசம் முந்தியே மணிக்கூடெல்லாம் அவரவர் பைக்குள்ள போகணும். தொழுறவங்களுக்கு ஒரு அறையும் தண்ணியும் ஒதுக்கி வைங்க. சாப்பாடு காத்தான்குடியில ஓடர் பண்ணினா எல்லாரும் ஒரே சட்டியில சாப்பிடலாம், மரக்கறிக்காரருக்கு மட்டும் தனிப் பார்சல். கையில எண்ணெய் ஒட்டாத சாமானா எடுங்க. எங்கட வீட்டில றால் வடை சுட்டுத் தந்தாங்க, சரியான ருசி, ஆனா அதுக்குப் புறகு அந்தக் கையோட ஆரையும் மணிக்கூட்டுக்குக் கிட்ட விட ஏலாமப் போச்சு. அதால றால் வடை இப்ப எல்லாம் முடிஞ்ச பிறகுதான்.

இருட்டில

லைட் எல்லாம் நூத்திட்டு யூவி டோர்ச்சால ஒவ்வொரு டயலுக்கும் பத்துச் செக்கன் வெளிச்சம் ஏத்துங்க. போயாவில ஒரு கரைச்சல், நிலா விறாந்தைக்குள்ளயே பால் மாதிரி வந்து விழும், இருட்டு வராது. அறைக்குள்ள போங்க.

புதுச் சீக்கோ டைவர் பச்சையா எரியும். பழையதில சிலது ஒரு நிமிசத்தில செத்திரும். டயலுக்குக் கீழ ஸ்விஸ் எண்ட சொல்லுக்கு ரெண்டு பக்கமும் டி எழுத்து இருந்தா அது ட்ரிட்டியம், தானா ஒளி விடுற கதிரியக்கப் பூச்சு, 12 வருசத்துக்குக் கொஞ்சம் கூட ஆகக்குள்ள பாதி சக்தி போயிரும், அதால இப்ப எரியாது, மஞ்சளா பட்டர் நிறத்தில நிக்கும், அந்த நிறத்துக்கே ஆசைப்படுற ஆக்கள் இருக்காங்க. அறுபதுகளுக்கு முந்தின மணிக்கூட்டில தடிப்பா மண்ணிறத்தில பூசியிருந்தா ரேடியமா இருக்கலாம். வெளிச்சம் போயிருக்கும், கதிர்வீச்சு போயிருக்காது, ரேடியத்தின்ட அரை ஆயுள் 1600 வருசம். கையில வைச்சுப் பார்க்கிறதில அவசரப் பயம் தேவையில்ல, ஆனா அதைத் திறந்து தூளைச் சுவாசிக்கக்கூடா, சுரண்டக்கூடா, பிள்ளைகளுக்கு விளையாடக் குடுக்கக்கூடா.

அண்டைக்கு வாங்கல் விக்கல் இல்ல

எங்கட சட்டம் இதுதான், மேசையில காசுக்கதை எடுக்கிறதில்ல. ஒராளுக்கு இன்னொராளின்ட மணிக்கூடு பிடிச்சா அடுத்த நாள் போன் பண்ணிக் கதைக்கட்டும். ராவையில, மற்ற ஆக்கள் பார்த்துக் கொண்டிருக்கக்குள்ள, தகப்பன்ட மணிக்கூட்டுக்கு ஒராள் விலை சொன்னா மறுக்கவும் ஏலாம ஒத்துக்கொள்ளவும் ஏலாம நிக்கிற முகத்தை நான் பார்த்திருக்கன்.

வீட்ட போறது

படம் எடுக்கலாம், ஆனா வீடு, வாகன நம்பர், ஆளின்ட முகம் விழக்கூடா, கூட்டம் நடக்கக்குள்ளயே ஒண்டும் இணையத்தில ஏத்தக்கூடா. தூர ஆக்கள் தனிய மோட்டார் சைக்கிளில போகாம சேர்ந்து போகட்டும், மணிக்கூடு கையில இல்லாம பைக்குள்ள. போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ். வெளிக்கிட முதல் ஒவ்வொருத்தரும் தன்ட மூணையும் எண்ணிச் சொல்லணும், இதை நான் கதவில நிண்டு கேப்பன், கண்டக்டர் மாதிரி.

நேரமிருந்தா கல்லடிப் பழைய பாலத்துக்கு நடந்து போறதும் உண்டு, போயாவில வாவிக்குள்ள பாடும் மீனின்ட சத்தம் கேக்கும் எண்டு. நான் நாலு தரம் போயும் கேக்கல்ல, சேர் மட்டும் ஒவ்வொரு தரமும் கேட்டன் எண்டுவார்.

அடுத்த நாள் விடியப் பாயை முத்தத்தில கொண்டு போய் உடன உதறாதீங்க. முதல்ல ஒரு காந்தத்தை எடுத்துப் பாய் முழுக்க மெல்லத் தடவுங்க. பன்பாயின்ட பின்னலுக்குள்ள ஸ்ட்ராப் பின் போய் ஒளிச்சுக் கிடக்கும், போன தரம் எனக்கு மூணு கிடைச்சது, ஆருடையது எண்டு இன்னும் ஆரும் கேக்கல்ல.